ஹோலிரூட் கதை – 14: அறிக்கை தர மறுத்த குழு

2013 ஏப்ரல் 17 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து அரசு ஒரு மசோதாவைத் தாக்கல் செய்தது. பெயர், குழந்தைகள் மற்றும் இளையோர் மசோதா. எல்லா மசோதாக்களையும் போல அதுவும் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தது: செலவுக் கணக்கு, பிரிவுவாரி விளக்கம், கொள்கைக் குறிப்பு. அந்தக் கட்டில் இரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. ஒன்று அமைச்சர் எழுதுவது, மற்றது அவைத் தலைவர் எழுதுவது. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். இந்த மசோதா நாடாளுமன்றத்தின் அதிகார வரம்புக்குள் இருக்கிறது என்பது என் கருத்து. அவைத் தலைவர் டிரிசியா மார்விக் அப்படியே சான்றளித்தார்.

மூன்று ஆண்டு, மூன்று மாதம் கழித்து லண்டனில் ஐந்து நீதிபதிகள், வரம்புக்குள் இல்லை என்றார்கள். ஒருவர்கூட மாற்றுக் கருத்து எழுதவில்லை.

நடுவில் அந்த மசோதா குழுவில் பல மாதம் இருந்தது. சாட்சிகள் வந்தார்கள், திருத்தங்கள் வந்தன, அறிக்கையும் வந்தது. அப்படியிருந்தும் ஓட்டை யார் கண்ணிலும் படவில்லையா? பட்டது. பட்டும் ஏன் அடைபடவில்லை என்பதுதான் இந்த இதழின் விஷயம்.

முதலில் அந்த இரண்டு வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். 1998-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டத்தைப் பற்றி முந்தைய இதழ்களில் நிறையப் பேசிவிட்டோம். அதன் 29-வது பிரிவு ரத்தினச் சுருக்கமானது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் உரிமைகளுக்கு முரணாக ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றினால், அந்த அளவுக்கு அது சட்டமே அல்ல என்கிறது. செல்லாது என்றோ, திருத்தப்பட வேண்டியது என்றோ அது இழுக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு இந்தக் கடிவாளம் கிடையாது. அங்கே இயற்றிய சட்டம் உரிமைக்கு முரணானது என்று நீதிபதி கண்டால், முரண் இருக்கிறது என்று ஓர் அறிவிப்பு மட்டும் செய்யலாம். சட்டம் அதே இடத்தில் அப்படியே இருக்கும்.

இங்கேதான் எனக்கு இன்றுவரை வியப்பாக இருக்கும் ஒரு முரண். தன் சட்டத்தை யாரும் அடித்துவிட முடியாத வெஸ்ட்மின்ஸ்டர், 2001-இலேயே இரு அவைகளும் சேர்ந்த மனித உரிமைக் கூட்டுக் குழு ஒன்றை உட்கார வைத்துவிட்டது. அதற்கென்றே சட்ட ஆலோசகர்கள். அரசு கொண்டுவரும் மசோதாக்களை உரிமை என்ற ஒரே கண்ணாடி வழியாகப் பார்ப்பது அதன் வேலை. தன் சட்டத்தை எந்தக் குடிமகனும் நீதிமன்றத்துக்கு இழுத்து, சட்டமே அல்ல என்று சொல்ல வைக்கக்கூடிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றமான ஹோலிரூட்டிலோ, பெயரில் மனித உரிமை என்ற சொல்லைத் தாங்கிய குழு 2016 வரை இல்லை. வாசலுக்குக் கனமான பூட்டு, காவலுக்கு மட்டும் ஆள் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று? குழுக்களின் மேல் இருந்த அளவுகடந்த நம்பிக்கைதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஹென்றி மெக்லீஷ் தலைமையில் கூடிய வழிகாட்டுக் குழு 1999 ஜனவரியில் அறிக்கை கொடுத்ததை இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். புதிய நாடாளுமன்றத்துக்கு ஒரே அவை. பிரபுக்கள் அவை மாதிரி, கீழே நடந்த தவறை மேலே திருத்தும் இரண்டாம் மாடி கிடையாது. அந்த வேலையையும் குழுக்களே செய்யட்டும் என்று முடிவு செய்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் அமைச்சகத்தைக் கேள்வி கேட்பது ஒரு வகைக் குழு, மசோதாவை வரிவரியாகப் பார்ப்பது இன்னொரு வகைக் குழு. எடின்பரோவில் இரண்டும் ஒரே மேசை. சுகாதாரத் துறையை ஆண்டு முழுக்க விசாரிக்கிற அதே உறுப்பினர்கள்தான் சுகாதார மசோதா வரும்போது அதையும் பிரித்துப் பார்ப்பார்கள். துறை தெரிந்தவன் கையில் மசோதா போனால் தப்பு நடக்காது என்பது கணக்கு.

ஒரு மசோதா மூன்று கட்டம் தாண்ட வேண்டும். முதல் கட்டத்தில் பொறுப்புக் குழு சாட்சியம் கேட்டு, மசோதாவின் பொதுக் கொள்கை சரியா என்று அறிக்கை எழுதும். அதன் மேல் அவை வாக்களிக்கும். இரண்டாம் கட்டத்தில் அதே குழு பிரிவு பிரிவாக எடுத்துத் திருத்தும். மூன்றாம் கட்டம் அவையில். ஒரு குழுவில் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை இருக்கலாம். கட்சிகளின் பலத்துக்கு ஏற்ற விகிதம். தலைவரை அங்கே ‘கன்வீனர்’ என்பார்கள். எந்தக் குழுவுக்கு எந்தக் கட்சிக்காரர் கன்வீனர் என்பது கட்சிகளுக்குள் பங்கீடு. தகவல் திரட்டித் தர நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு உண்டு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஸ்பைஸ்’ என்று வரும். உறுப்பினர்களுக்கு மசாலா அரைத்துக் கொடுப்பவர்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஏட்டில் இந்த ஏற்பாடு அழகு. அவசரம் வந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

நாடாளுமன்றம் கூடி நான்கு மாதம்கூட ஆகவில்லை. மனநோய் காரணமாக உயர்காவல் மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்த ஒருவர், தனக்குச் சிகிச்சை எதுவும் பலன் தராது, ஆகவே தன்னை அங்கே வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று வாதாடி 1999 ஆகஸ்டில் வெளியே வந்தார். ஊர் கொந்தளித்தது. செப்டம்பர் முதல் வாரமே அவசர மசோதா. அந்த நாடாளுமன்றத்தின் முதல் சட்டம் அதுதான். குழுவின் பக்கமே போகாமல் நிறைவேறிய சட்டம். பிறகு வழக்கு நடந்து, 2001-இல் பிரிவி கவுன்சில் அதை ஏற்றுக்கொண்டது. தப்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே 1999 நவம்பரில் இன்னொரு இடி. ஷெரிஃப் நீதிமன்றங்களில் தற்காலிக நீதிபதிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். ஆண்டுதோறும் அவர்களுடைய பதவி நீடிக்குமா என்பதில் லார்டு அட்வகேட்டுக்குக் கை இருந்தது. குற்றம் சுமத்தும் அரசுத் தரப்பின் தலைவரும் அவரே. அப்படிப்பட்டவர்கள் சுதந்திரமான நீதிபதிகள் ஆக மாட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே தீர்ப்பில் அத்தனை பேரும் வீட்டுக்கு. இங்கிலாந்தில் மனித உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2000 அக்டோபர் 2 அன்று. ஸ்காட்லாந்து அதற்கு முன்பே, தன் அரசியல் சட்டத்தின் வழியாக, அந்த நெருப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டது.

2003-இல் குத்தகை நிலங்களைப் பற்றிய மசோதா. ஒரு திருத்தம் வரப்போகிறது என்று மூக்கில் வியர்த்த நிலக்கிழார்கள், அது வருவதற்கு முந்தின நாளான பிப்ரவரி 3 அன்று குத்தகைதாரர்களோடு இருந்த கூட்டு ஒப்பந்தங்களைக் கலைக்கும் நோட்டீஸ்களைக் கொத்துக் கொத்தாக அனுப்பினார்கள். அரசுக்குக் கோபம். மசோதா கடைசிக் கட்டத்தை நெருங்கும்போது அவர்களைப் பழிவாங்கும் தொனியில் ஒரு ஏற்பாடு உள்ளே ஏறியது. குழு ஆற அமரப் பார்க்க நேரமில்லாத நேரம். பத்து ஆண்டு கழித்து, 2013 ஏப்ரலில், உச்ச நீதிமன்றம் அதைச் சொத்துரிமைக்கு முரண் என்றது. நிலக்கிழார்கள் மேல் எனக்குப் பெரிய பரிவு எதுவும் இல்லை. ஆனால் கோபத்தில் எழுதிய பிரிவு கோபத்தில் எழுதியது போலவேதான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் 2010 அக்டோபர். ஸ்காட்லாந்து போலீஸ் ஒருவரைப் பிடித்தால் ஆறு மணி நேரம் வரை வழக்கறிஞர் இல்லாமல் விசாரிக்கலாம். பல்லாண்டுப் பழக்கம். அந்த மாதம் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், இது நியாயமான விசாரணைக்கான உரிமைக்கு எதிரானது என்றார்கள். மறுநாளே, ஒரே நாளில், மூன்று கட்டங்களும் முடிந்து புதிய சட்டம் நிறைவேறியது. வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையைத் தந்த அதே கையோடு, காவலில் வைக்கும் ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கி, தேவைப்பட்டால் இருபத்து நான்கு ஆக்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். ஒரு உரிமையைக் காக்க வந்த சட்டம் இன்னொரு உரிமையைச் சுருக்கியதா என்று கேட்க ஒரு குழு ஒரு காலைப்பொழுதாவது உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

இதே வழக்கின் வால்தான் அடுத்த சண்டை. காவல் விதிகள் மாறியதால் சாட்சிய விதிகளையும் பார்க்க வேண்டும் என்று நீதிபதி கார்லோவேயிடம் ஆய்வை ஒப்படைத்தார்கள். அவர் 2011-இல், குற்றத்தை நிரூபிக்க இரண்டு தனித்தனி மூலங்களிலிருந்து சான்று வேண்டும் என்ற ஸ்காட்லாந்தின் பழைய விதியை எடுத்துவிடலாம் என்றார். நீதித்துறை அமைச்சர் கென்னி மெக்காஸ்கில் அதை மசோதாவாக்கினார். இப்போது நினைவில் வையுங்கள்: 2011 தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 129-இல் 69 இடம் வென்றிருந்தது. யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காது என்று கணக்குப் போட்டு வடிவமைத்த தேர்தல் முறையில் இது எதிர்பாராத விபத்து. அவையில் பெரும்பான்மை என்றால் குழுக்களிலும் பெரும்பான்மை. அமைச்சரை விசாரிக்கும் மேசையில் அமைச்சரின் தோழர்களே அதிகம்.

இருந்தும் நீதிக் குழுவின் பெரும்பான்மை, 2014 பிப்ரவரியில், இரட்டைச் சான்று விதியை நீக்கும் வாதம் தங்களுக்கு ஏற்புடையதாக இல்லை என்று அறிக்கை எழுதியது. கன்வீனர் கிறிஸ்டீன் கிரஹாம் ஆளுங்கட்சிக்காரர். அதற்காக வாயை மூடிக்கொள்பவர் அல்லர். அவையில் மசோதா மயிரிழையில் முதல் கட்டம் தாண்டியது. ஆனால் குழு போட்ட முடிச்சு அவிழவில்லை. இரண்டு மாதத்தில் மெக்காஸ்கில் அந்தப் பகுதியை ஒத்திவைத்தார். அவருக்குப் பின் வந்த மைக்கேல் மாத்தசன் 2015-இல் அதை மசோதாவிலிருந்தே எடுத்துவிட்டார். கட்சிக்காரர்கள் நிறைந்த குழுவும் வேலை செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி. எப்போதும் செய்யும் என்பதற்கு அல்ல.

இனி நம் குழந்தைகள் மசோதாவுக்கு வருவோம்.

அதன் நான்காம் பகுதி இப்படிப் போகிறது. ஸ்காட்லாந்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பதினெட்டு வயது வரை ஒரு பொறுப்பாளர் இருப்பார். சட்டத்தில் அவருக்கு ‘நேம்டு பெர்சன்’ என்று பெயர். ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு துறை அல்ல, இன்னார் என்று பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆள் என்று பொருள். பள்ளிக்குப் போகும் வரை ‘ஹெல்த் விசிட்டர்’ என்னும் வீடு தேடி வரும் செவிலியர். பள்ளிக்குப் போன பிறகு பெரும்பாலும் தலைமையாசிரியர். குழந்தைக்கோ பெற்றோருக்கோ ஆலோசனை வேண்டுமென்றால் அவரை அணுகலாம். குழந்தையைப் பற்றி வேறு எந்த அலுவலகத்துக்காவது கவலை தரும் செய்தி தெரிந்தால் அவரிடம் சொல்ல வேண்டும்.

நோக்கத்தில் பழுது சொல்ல யாருக்கும் மனம் வராது. ஒரு குழந்தை வதைபட்ட பிறகு விசாரித்தால் எப்போதும் ஒரே கதைதான் வெளியே வரும். மருத்துவருக்கு ஒரு துண்டு தெரியும், பள்ளிக்கு ஒரு துண்டு, போலீசுக்கு ஒரு துண்டு. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்த ஆள் ஒருவரும் இல்லை. ஹைலண்ட் பகுதியில் முன்னோட்டமாக இந்த முறையை நடத்திப் பார்த்து நல்ல பெயர் எடுத்திருந்தார்கள். குழந்தை நல அமைப்புகள் பலவும் ஆதரவு.

மசோதா கல்வி, பண்பாட்டுக் குழுவிடம் போனது. அங்கேதான் சிக்கலின் முதல் நூல். அந்த மசோதாவுக்குள் இன்னும் என்னென்ன இருந்தன தெரியுமா? மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 600 மணி நேர இலவசப் பராமரிப்பு. அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்கு 21 வயது வரை அங்கேயே இருக்கும் உரிமை. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு உதவி. ஒவ்வொன்றும் தனி மசோதாவாக வந்திருக்க வேண்டியது. ஒரு பெரிய பாத்திரத்தில் எல்லாக் காயையும் போட்டுச் சாம்பார் வைத்தால் கசப்பான ஒரு துண்டு யார் நாக்கிலும் உடனே தட்டுப்படாது.

தட்டுப்பட்டவர்கள் சொல்லாமல் இல்லை. வழக்கறிஞர் மன்றம் எழுத்துச் சாட்சியத்தில், எந்தக் குறையும் இல்லாத குடும்பத்திலும் பெற்றோரின் சட்டப் பங்கை இது நீர்த்துப்போகச் செய்யும் என்று எச்சரித்தது. கன்சர்வேட்டிவ் உறுப்பினர் லிஸ் ஸ்மித் எல்லாக் குழந்தைக்கும் எதற்கு, தேவைப்படுகிற குழந்தைக்குப் போதாதா என்று விடாமல் கேட்டார். குழுவில் நடந்த பேச்சோ பெரும்பாலும் வேறு திசையில் போனது. செவிலியர்கள் எண்ணிக்கை போதுமா? கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் வேலையை யார் பார்ப்பது? செலவு எவ்வளவு? நடைமுறைக் கேள்விகள்தான், அவசியமானவையும்கூட. ஒரு கல்விக் குழு கல்விக் குழுவுக்குத் தெரிந்த கேள்விகளைக் கேட்டது.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி தகவல் பகிர்வைப் பற்றியது. மசோதாவின்படி, குழந்தையின் ‘நலவாழ்வு’க்குப் பொருத்தமாக இருக்கக்கூடும் என்று ஓர் அதிகாரி நினைத்தால் தகவலைப் பொறுப்பாளருக்குத் தந்தாக வேண்டும். நலவாழ்வு என்றால் என்ன? சட்டம் எட்டுச் சொற்களைத் தந்தது: பாதுகாப்பு, ஆரோக்கியம், முன்னேற்றம், பரிவான வளர்ப்பு, சுறுசுறுப்பு, மதிப்பு, பொறுப்பு, ஒட்டியுறவு. இந்த எட்டுக்குள் அடங்காத எந்த விஷயம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் இருக்கிறது? பதினைந்து வயதுப் பெண் மருத்துவரிடம் தனியாகச் சொன்னது அதில் வருமா? தாயின் மனச்சோர்வு வருமா? பகிரும் முன் அந்தப் பெண்ணிடமோ தாயிடமோ கேட்க வேண்டுமா? தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே, அது ஒன்று சொல்ல இது ஒன்று சொன்னால் செவிலியர் எதைக் கேட்பது?

கொள்கைக் குறிப்பில் மனித உரிமைகளின் மேல் விளைவு என்று ஒரு தலைப்பு விதிப்படியே இருக்கும். பெரும்பாலான மசோதாக்களில் அந்தத் தலைப்பின் கீழ், முரண் எதுவும் இல்லை என்ற பொருளில் சில வரிகள். சான்றிதழிலோ காரணம் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. அவைத் தலைவருக்குச் சட்ட ஆலோசனை தருவார்கள். அது வெளியே வராது. குழு பார்ப்பது முடிவை மட்டும். ஆசிரியர் கூட்டலைக் காட்டாமல் விடையை மட்டும் பலகையில் எழுதினால் பின்வரிசைப் பையன் எப்படித் தப்பைக் கண்டுபிடிப்பான்?

2014 பிப்ரவரி 19. மூன்றாம் கட்டம். ஆதரவு 103, எதிர்ப்பு பூஜ்யம், வாக்களிக்காதவர் 15.

சில அமைப்புகளும் பெற்றோர் சிலரும் நீதிமன்றம் போனார்கள். எடின்பரோவில் 2015 ஜனவரியில் ஒரு தோல்வி, செப்டம்பரில் மேல்முறையீட்டில் இன்னொரு தோல்வி. பிறகு லண்டன். பொறுப்பாளர் பிரிவுகள் 2016 ஆகஸ்ட் 31 அன்று நடைமுறைக்கு வர ஏற்பாடு. ஜூலை 28 அன்று தீர்ப்பு.

தீர்ப்பைப் படிப்பவர்கள் அதன் நிதானத்தைக் கவனிப்பார்கள். லேடி ஹேல், லார்டு ரீட், லார்டு ஹாட்ஜ் மூவரும் எழுதியது. திட்டத்தின் நோக்கம் நியாயமானது, நல்லது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். பொறுப்பாளர் என்ற யோசனையை அவர்கள் தூக்கி எறியவில்லை. அடுத்து, பிள்ளைகளைக் குடும்பத்தின் பலவிதமான செல்வாக்கிலிருந்து பிரித்துத் தன் வார்ப்பில் வளர்ப்பது சர்வாதிகார அரசுகளின் முதல் வேலை என்று ஒரு நினைவூட்டல். செய்தித்தாள்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஆடின. உண்மையில் கழுத்தை நெரித்தது அந்த வரி அல்ல. தகவல் பகிர்வுப் பிரிவுகளையும் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்துப் படித்தால் எது எதை மீறும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை என்றார்கள். உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, தனிவாழ்வில் அரசு தலையிட வேண்டுமானால் அந்தத் தலையீடு சட்டப்படி இருக்க வேண்டும் என்கிறது. சட்டப்படி என்றால் ஏட்டில் ஒரு சட்டம் இருந்தால் போதாது. சாதாரண மனிதன் படித்து, தனக்கு என்ன நேரும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். ஐந்து நீதிபதிகளுக்கே தலை சுற்றுகிற பிரிவை இரவுப் பணி முடித்து வரும் செவிலியர் எப்படிப் பின்பற்றுவார்? பொறுப்பாளரின் ஆலோசனையை ஏற்பது கட்டாயமில்லை என்று பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும் என்ற விதியும் இல்லை. தகவலைப் பகிரும் முன் குழந்தையையோ பெற்றோரையோ கேட்கும் விதியும் இல்லை.

இவை எல்லாம் இரண்டாம் கட்டத்தில் ஒரு குழு, பென்சிலும் கையுமாக, பத்து வரித் திருத்தத்தில் சரிசெய்திருக்கக்கூடியவை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கல்வித் துறைக்கு அப்போது புதிதாக வந்திருந்தவர் துணை முதல்வர் ஜான் ஸ்வின்னி. நோக்கம் சரி என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது, கோளாறை மட்டும் சரிசெய்துவிடுவோம் என்றார். 2017 ஜூனில் தகவல் பகிர்வுக்கென்று ஒரு சிறிய மசோதா வந்தது. பகிர்ந்தாக வேண்டும் என்ற கடமை போய், பகிர்வது குழந்தைக்கு நல்லதா என்று எண்ணிப் பார்க்கும் கடமை வந்தது. எண்ணிப் பார்ப்பது எப்படி? அதற்கு அமைச்சர்கள் ஒரு நடைமுறைக் கையேடு வெளியிடுவார்கள். மசோதாவோடு ஒரு மாதிரிக் கையேட்டை இணைத்தார்கள். மாதிரிதான், இறுதியானது அல்ல.

இந்த முறை குழு வேறு. 2016 தேர்தலில் ஆளுங்கட்சி பெரும்பான்மையை இழந்துவிட்டது. கல்வி, திறன்கள் குழு என்று பெயர் மாறியிருந்தது. கன்வீனர் ஜேம்ஸ் டோர்னன், தேசியக் கட்சிக்காரர்தான். ஆனால் மேசையைச் சுற்றி அரசுத் தரப்பின் கை ஓங்கியிருக்கவில்லை. 2013-இல் கேட்காத கேள்விகளை எல்லாம் 2017 இலையுதிர் காலத்தில் கேட்டார்கள். வழக்கறிஞர் மன்றத்தையும் சட்டச் சங்கத்தையும் நேரில் உட்கார வைத்துக் கேட்டார்கள். அந்த மாதிரிக் கையேட்டைக் கையில் கொடுத்தால் ஓர் ஆசிரியருக்கு வழி தெரியுமா என்று கேட்டார்கள். வந்த பதில்கள் உற்சாகம் தரவில்லை. சட்டம் இரண்டு பக்கத்தில் இருக்கிறது, உயிர் கையேட்டில் இருக்கிறது, கையேடு இன்னும் பிறக்கவில்லை என்பதுதான் சாரம்.

சாதாரணமாக ஒரு குழுவுக்கு இரண்டு வழிதான் உண்டு என்று நாம் நினைப்போம். பொதுக் கொள்கையை ஏற்கிறோம் என்று எழுதுவது. ஏற்கவில்லை என்று எழுதுவது. 2017 இறுதியில் இந்தக் குழு மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது. பெரும்பான்மை முடிவாக அமைச்சருக்குக் கடிதம் எழுதியது: முறையான கையேட்டு வரைவைக் கொண்டுவாருங்கள், அதுவரை முதல் கட்ட அறிக்கையை எழுத எங்களால் இயலாது. குழு அறிக்கை இல்லாமல் மசோதா அவைக்குப் போகாது. கதவைச் சாத்தவில்லை, திறக்கவும் இல்லை. நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஸ்வின்னி ஒரு வல்லுநர் குழு அமைத்துக் கையேடு எழுதச் சொன்னார். ஒரு ஆண்டு போயிற்று, இன்னொரு ஆண்டும் பாதிக்கு மேல் போயிற்று. எழுத உட்கார்ந்தவர்கள் கடைசியில், சட்டப் பலம் உள்ளதாகவும் வேலை செய்பவர்களுக்குப் புரிவதாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் கையேட்டை எழுத முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். 2019 செப்டம்பர் 19 அன்று ஸ்வின்னி அவையில் எழுந்து மசோதாவைத் திரும்பப் பெறுவதாகவும், கட்டாயப் பொறுப்பாளர் திட்டத்தைக் கைவிடுவதாகவும் அறிவித்தார். 103-க்கு பூஜ்யம் என்று நிறைவேறிய பிரிவுகள் ஒரு குழந்தையின் வாழ்க்கையிலும் சட்டமாக நுழையாமலே முடிந்தன.

இந்தக் குழு செய்ததைத் தந்திரம் என்று அன்று அரசுத் தரப்பில் சிலர் சலித்துக்கொண்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எதிர்க்கட்சிகளுக்கு இதில் அரசியல் லாபம் இருந்தது. ஆனாலும் அவர்கள் கேட்டது என்ன? விடையை மட்டும் அல்ல, கூட்டலையும் காட்டு என்றுதான். இருபது ஆண்டில் அந்த நாடாளுமன்றத்தின் குழு ஒன்று செய்த மிக உருப்படியான காரியங்களில், எழுதப்படாத அந்த அறிக்கையை நான் முன்வரிசையில் வைப்பேன்.

இதற்கிடையே வேறு ஒரு மேசையிலும் மாற்றம் நடந்திருந்தது. 1999 முதல் இருந்த சம வாய்ப்புக் குழுவுக்கு 2016-இல் மனித உரிமையையும் சேர்த்துக் கொடுத்து, சமத்துவம் மற்றும் மனித உரிமைக் குழு ஆக்கினார்கள். கிறிஸ்டினா மெக்கெல்வி கன்வீனராக இருந்த காலத்தில் அது தன் வேலையை எப்படிச் செய்வது என்று தன்னையே விசாரித்துக்கொள்ளத் தொடங்கியது. 2018 நவம்பரில் வந்த அறிக்கையின் மையம் எனக்குப் பிடித்தது: உரிமைகளைப் பார்ப்பதை ஒரே குழுவின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் கையைக் கழுவக் கூடாது, ஒவ்வொரு குழுவிலும் அதைக் கவனிக்க ஒருவர் இருக்க வேண்டும். கல்விக் குழுவுக்கு நேர்ந்ததைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தப் பரிந்துரையின் அருமை தெரியும். நிலைக்குழுக்களின் நெரிசலில் அது எவ்வளவு வேரூன்றியது என்பது வேறு கதை.

அந்தக் குழு கையில் எடுத்த மசோதாக்களில் ஜான் ஃபின்னி கொண்டுவந்தது ஒன்று. பிள்ளைகளை அடிக்கும் பெற்றோருக்குச் சட்டத்தில் இருந்த ‘நியாயமான தண்டனை’ என்ற சாக்கை நீக்கும் தனிநபர் மசோதா. மீண்டும் குடும்பத்துக்குள் சட்டம் நுழையும் விவகாரம். அதே வகைக் கோபம், அதே வகைப் பயம். ஆனால் இந்த முறை மசோதாவில் ஒரே விஷயம்தான் இருந்தது, அதை உரிமை என்ற கண்ணோடு பார்க்கும் குழுவும் இருந்தது. 2019 அக்டோபர் 3 அன்று 84-க்கு 29 என்று நிறைவேறியது. ஸ்வின்னி தன் மசோதாவைத் திரும்பப் பெற்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

சான்றிதழ் பற்றி ஒரு கிளைக்கதை. 2018 பிப்ரவரியில், பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரோப்பியச் சட்டங்களைத் தொடர வைக்கும் மசோதா ஒன்றுக்கு அவைத் தலைவர் கென் மெக்கின்டாஷ், இது நம் வரம்புக்குள் இல்லை என்று எழுதினார். அரசு கொண்டுவந்த மசோதாவுக்கு அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் முறை. என்ன ஆயிற்று என்கிறீர்களா? மசோதா அதன் பாட்டுக்குப் போய் நிறைவேறியது. அவைத் தலைவர் இல்லை என்று எழுதினாலும் மசோதாவைத் தாக்கல் செய்யத் தடை இல்லை.

2020 செப்டம்பர் 1 அன்று, ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை அப்படியே ஸ்காட்லாந்துச் சட்டமாக்கும் மசோதா தாக்கலானது. போனது நேராகச் சமத்துவம் மற்றும் மனித உரிமைக் குழுவிடம். குழந்தைகளிடமே சாட்சியம் கேட்டார்கள். எதிர்ப்பு என்று பேருக்குக்கூட இல்லை. 2021 மார்ச் 16 அன்று அவை ஒருமனதாக நிறைவேற்றியது. அரச ஒப்புதலுக்குப் போகும் முன் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த நான்கு வாரத்தின் கடைசிக் கட்டத்தில், ஏப்ரல் 12 அன்று, லண்டனின் சட்ட அதிகாரிகள் அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த மசோதாவின் காகிதக் கட்டிலும் வழக்கமான அந்த இரண்டு வாக்கியங்கள் இருந்தன.

(தொடரும்)